அன்பும் உரிமையும்: ஓர் உதைபந்தாட்டப் பயிற்சிக்களத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

‘எங்கள் அணி’ என்பது உலகெங்கும் விளையாட்டு இரசிகர் வாயில் வழங்கும் தொடர். அணி வென்றவிடத்து ‘நாம் வென்றோம்’ என்பர். தோற்றவிடத்தும் பெரும்பாலும் ‘நாம் தோற்றோம்’ என்றே கூறுவர். அவ்வாறு கூறுவோர் ஆடுகளத்தில் இறங்கியவரல்லர், பந்தைத் தொட்டவருமல்லர். எனினும் அவர் கூற்றைப் பொய்யென்று எவரும் கண்டிப்பதில்லை. இவ்வளவு இயல்பாக வழங்கும் ‘எங்கள்’ என்ற சொல் இங்கு எதனைக் குறிக்கின்றது? உடைமையையா, உறவையா, அன்றி வெறும் மயக்கத்தையா? ஒன்றை நெடுங்காலம் நேசித்தவனுக்கு அந்நேசம் காரணமாகவே அதன்மீது ஓர் உரிமை பிறக்குமா? விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினும் இவ்வினா ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும்.

இவ்வினா கூர்மை பெறும் இடம் கழகத்தின் பயிற்சிக்களமே. போட்டி நடைபெறும் அரங்கில் இரசிகனுக்கு ஆசனம் உண்டு; குரல் உண்டு; பணம் கொடுத்துப் பெற்ற நுழைவுச்சீட்டு உண்டு. பயிற்சிக்களத்திலோ இவற்றுள் ஒன்றும் அவனுக்கில்லை. அங்கு அவன் விருந்தினன் மட்டுமே. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தைச் சிறுவயது முதல் நேசித்துவந்த இரசிகன் ஒருவன் அக்கழகத்தின் பயிற்சிக்களத்துக்கு அழைப்புப் பெற்றுச் செல்கிறான் எனக் கொள்க.

லிவர்பூல் நகரின் வடகிழக்கே, கேர்பி என்னும் ஊரில், 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறக்கப்பட்டது அப்பயிற்சி நிலையம். அதற்கான செலவு ஏறத்தாழ 50 மில்லியன் பவுண். வாயிலில் கழகத்தின் சின்னத்தோடு ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நிலையத்துக்கே அந்நிறுவனத்தின் பெயர்தான் சூட்டப்பட்டுள்ளது. உள்ளே முழு அளவிலான ஆடுகளங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், நீச்சல் தடாகம், காயமுற்றோர் மீண்டும் நலம்பெறுவதற்கான அறைகள் என்பன உள்ளன. இன்றைய உதைபந்தாட்டத்தில் அளக்கப்படாதது எதுவுமில்லை. வீரன் அணியும் உட்சட்டையிற் பொருத்தப்பட்ட கருவி அவன் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகின்றது. அவன் உண்ணும் உணவு முன்னரே வகுக்கப்படுகின்றது. எல்லைக்கோட்டிலிருந்து பந்தைக் கையால் எறிவதைக் கற்பிப்பதற்கென்றே 2018 முதல் 2023 வரை இக்கழகம் தனியொரு பயிற்றுநரை வைத்திருந்தது என்பதிலிருந்து இந்நுணுக்கத்தின் அளவை உணரலாம்.

இவற்றைக் காணும் இரசிகனின் உள்ளத்தில் முதலில் எழுவது வியப்பு. அதனையடுத்து ஒரு தெளிவு பிறக்கின்றது. சனிக்கிழமை மாலையில் வானத்திலிருந்து விழுந்த வரம்போலத் தோன்றிய கோல், வாரநாட்களில் நூறுமுறை ஒத்திகை பார்க்கப்பட்ட உழைப்பின் விளைவு என்பதை அவன் காண்கிறான். அவன் வழிபட்ட வீரர்கள் இங்கே தொழிலாளர். குறித்த நேரத்துக்கு வருகின்றனர், சொன்னதைச் செய்கின்றனர், களைத்துப்போகின்றனர். மூன்றாவதாக எழுவது ஒருவகைத் தனிமை. வாழ்நாள் முழுவதும் ‘எங்களுடையது’ என்று அவன் சொல்லிவந்த ஒன்றின் நடுவில் நிற்கிறான். ஆயினும் அங்குள்ள எந்தக் கதவையும் தானாகத் திறக்க அவனுக்கு அனுமதியில்லை.

இத்தனிமை கேர்பிக்கு முந்திய வரலாற்றை நோக்கி அவன் மனத்தைத் திருப்புகின்றது. 1950கள் முதல் 2020 வரை அக்கழகம் நகரின் மேற்கு டேர்பிப் பகுதியிலுள்ள மெல்வூட் என்னும் களத்திலேயே பயிற்சி செய்தது. 1959 டிசெம்பரில் பில் ஷாங்க்லி முகாமையாளராகப் பொறுப்பேற்றபோது அக்களம் பராமரிப்பற்றுக் கிடந்தது. அவர் அதனைச் சீர்செய்தார். வீரர்கள் அன்பீல்ட் அரங்கில் உடைமாற்றி, பஸ்வண்டியில் மெல்வூட்டுக்குச் சென்று, பயிற்சி முடிந்ததும் மீண்டும் அன்பீல்டுக்குத் திரும்பியே குளிப்பர். வீட்டு வரிசைகளுக்கு நடுவே அமைந்த அக்களத்தையும் ஊரையும் பிரித்தது ஒரு மதில் மட்டுமே. குப்பைத் தொட்டிகளின்மேல் ஏறிநின்று சிறுவர்கள் அம்மதிலுக்கு மேலாக எட்டிப்பார்ப்பது பிற்காலம்வரை அங்கு வழமையான காட்சி.

மெல்வூட்டிலிருந்து கேர்பிக்குச் சென்றமை இரசிகருக்கு இழைக்கப்பட்ட அநீதியா? பழமையை நினைந்து ஏங்குவோர் ஆமென்றே கூறுவர். ஆயின் ஏக்கம் ஒரு நியாயமாகாது. மெல்வூட்டிலும் மதில் இருந்தது. அம்மதில் இருந்தமைக்கு அன்றும் காரணம் இருந்தது, இன்றும் இருக்கின்றது. காயமுற்ற காலை மெல்ல மடக்கிப் பார்க்கும் வீரன் அந்நேரத்தில் எவர் கண்ணிலும் படாதிருக்க விரும்புவது இயல்பு. தவறு செய்து கற்றுக்கொள்ளும் எவனுக்கும் மறைவான ஓரிடம் வேண்டும். மனிதனை எக்காலத்தும் வெறும் கருவியாகக் கொள்ளாது அவனையே ஒரு நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்றார் கான்ற். இவ்விதி கழக உடைமையாளருக்கு மட்டுமன்று, இரசிகனுக்கும் உரியது. வீரனின் ஒவ்வொரு கணத்தையும் காணும் உரிமை தனக்குண்டு என எண்ணும் இரசிகன், அவனைத் தன் இன்பத்துக்குரிய பண்டமாக்கிவிடுகிறான். அது நேசமன்று, நுகர்வு.

ஆகவே முதலாவது முடிவு இரசிகனுக்குப் பாதகமானது: அன்பு மனிதர்மீது உரிமை தருவதில்லை. தமிழ் இலக்கண நூலார் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை எனத் தனியே வகுத்தனர். உயிரற்ற பொருள்களிடத்து நாம் கொள்ளும் விருப்பம் நட்பாகாது, அப்பொருள்கள் நம்மைத் திரும்ப நேசிப்பதில்லையாதலின் என்று அரிஸ்ரோட்டிலும் கருதினார். இரசிகனின் அன்பும் பெரும்பகுதி கைக்கிளையே. அவ்வன்பு வீரனைக் கடனாளியாக்குவதில்லை.

எனினும் கழகம் என்பது வீரரின் தொகுதி மட்டுமன்று. வீரர் வருவர், போவர், முகாமையாளரும் அவ்வாறே. கழகமோ நிலைத்திருக்கின்றது. அப்படியாயின் அது யாருடையது? இதற்கு விடைகாண ஷாங்க்லியின் பிற்கால வாழ்வு உதவும். இரண்டாம் பிரிவிலிருந்த அணியை முதற்பிரிவுக்கு உயர்த்தி, மும்முறை அதன் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தவர் 1974இல் ஓய்வுபெற்றார். உடலுறுதியைப் பேணும் பொருட்டு அதன் பின்னரும் அவர் மெல்வூட்டுக்குச் சென்றுவந்தார். வீரர்கள் பழக்கத்தினால் அவரையே தலைவரென விளித்தனர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பொப் பெய்ஸ்லியின் நிலை இதனாற் சங்கடமாயிற்று. தாம் அங்கு வேண்டப்படாதவர் என உணர்ந்த ஷாங்க்லி தம் வருகையை நிறுத்திக்கொண்டார். அவருடைய வீட்டுக்கு அண்மையில் இருந்தது போட்டிக் கழகமாகிய எவர்ட்டனின் பயிற்சிக்களம். அங்கே தமக்குக் கிடைத்த வரவேற்புத் தாம் வளர்த்த கழகத்திற் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

இந்நிகழ்ச்சியில் எவரையும் தீயவரெனக் கூறவியலாது. புதிய முகாமையாளர் தம் கடமையைச் செய்ய இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் இதனைக் கேட்போர் மனம் ஏன் துணுக்குறுகின்றது? சட்டப்படி ஷாங்க்லி அக்களத்தின் ஒரு பிடி மண்ணுக்கும் உடையவரல்லர். ஆனால் அவர் அங்கே வெறும் அந்நியர் என்று கூற நா எழாது. உடைமைக்கும் அந்நியத்துக்கும் இடையில் மூன்றாவதாக ஓர் உறவு உண்டு என்பதையும், அதற்குரிய பெயர் நம் சட்டநூல்களில் இல்லை என்பதையும் இத்துணுக்கம் காட்டுகின்றது.

அவ்வுறவை இரசிகனுக்கும் நீட்டலாமா? இயற்கைப் பொருளோடு தன் உழைப்பைக் கலந்தவனுக்கு அதில் உரிமை பிறக்கின்றது என்றார் லொக். இரசிகன் கலப்பது எதனை? 2020இல் கொள்ளைநோய் காரணமாக அரங்குகள் வெறுமையாயிருந்த வேளையில் இதற்கு ஒரு சோதனை நிகழ்ந்தது. ஆட்டம் நடந்தது, கோல்களும் விழுந்தன. ஆயினும் ஒளிபரப்பாளர் முன்னர் பதிவுசெய்திருந்த கூட்டத்தின் ஆரவாரத்தைச் செயற்கையாகச் சேர்த்தே ஆட்டத்தைக் காட்டினர். கூட்டமில்லாத ஆட்டம் விலைபோகாது என விற்பவரே ஒப்புக்கொண்டனர் எனலாம். முப்பது ஆண்டுகளின் பின் லிவர்பூல் தேசிய வெற்றிக் கிண்ணத்தை ஏந்தியதும் அவ்வாண்டிலேயே, வெறுமையான அரங்கிலேயே. உடைமையாளர் விற்கும் பண்டத்தின் ஒருபகுதி இரசிகரின் குரலால் ஆக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதற்கு வலிமையான ஒரு மறுப்பு உண்டு. கடன்சுமையால் நலிந்து நீதிமன்றம்வரை சென்ற கழகத்தை 2010இல் 300 மில்லியன் பவுணுக்கு வாங்கிக் காத்தவர் அமெரிக்க முதலீட்டாளர். ஆரவாரத்தால் நீச்சல் தடாகம் கட்டவியலாது. பணமிட்டவரே முடிவெடுக்கவேண்டும், பிடிக்காத இரசிகன் விலகிச்செல்லலாம். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முதலீடின்றி இன்றைய நிலையில் எந்தக் கழகமும் நிலைக்காது என்பது உண்மையே.

ஆயின் உடைமையாளர் நடந்துகொண்ட முறையே இம்மறுப்புக்கு விடையாகின்றது. 2016 பெப்ரவரியில் 77 பவுண் நுழைவுச்சீட்டு அறிவிக்கப்பட்டபோது, சண்டர்லாண்டுடனான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 இரசிகர்கள் அரங்கைவிட்டு எழுந்து சென்றனர். சில நாட்களில் உடைமையாளர் வருத்தம் தெரிவித்து அத்திட்டத்தைக் கைவிட்டனர். 2021 ஏப்பிரல் 18இல் பன்னிரண்டு பெருங்கழகங்கள் ஐரோப்பிய சுப்பர் லீக் என்னும் தனிப்போட்டியை அறிவித்தன. லிவர்பூலும் அவற்றுள் ஒன்று. இரசிகரின் எதிர்ப்பினால் ஆறு ஆங்கிலக் கழகங்களும் இரண்டே நாட்களில் விலகின. லிவர்பூலின் முதன்மை உடைமையாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இம்மன்னிப்பே சிந்திக்கத்தக்கது. தன் வீட்டு நாற்காலியை விற்றவன் அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. கடப்பாடு மீறப்பட்டவிடத்தே மன்னிப்புக்கு இடமுண்டு. வணிக அச்சத்தினாலேயே அவர் அவ்வாறு கூறினார் எனினும், அச்சொல்லைத் தெரிந்தெடுத்தமையே கழகம் நாற்காலியைப் போன்ற உடைமையன்று என்பதை ஏற்றுக்கொண்டதாகும். பிறர் அன்பினால் மதிப்புப் பெற்ற ஒன்றை வைத்திருப்பவன் அதன் முழு உடைமையாளன் ஆகான். ஒருவகையில் அவன் அறங்காவலன். கோயிற் சொத்தை நிருவகிப்பவன் அதனை விரிவாக்கலாம், திருத்தலாம். அது தன்னுடையதென்று கருதி வழிபடுவோரைப் புறக்கணித்தல் தகாது.

சட்டமும் இத்திசையில் மெல்ல நகர்கின்றது. ஜேர்மனியில் சில விலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குரிமையிற் பெரும்பான்மை அங்கத்தவர் கையிலேயே இருக்கவேண்டும் என்ற விதி 1998 முதல் உள்ளது. இங்கிலாந்திலும் 2025இல் இயற்றப்பட்ட உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் இரசிகரைக் கலந்தாலோசிக்கும் கடமையைக் கழகங்கள்மீது சுமத்தியது. ஆயினும் அறங்காவல் என்ற கருத்து உடைமையாளரை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. இரசிகன் தன் நேசத்தைத் தந்தையிடமோ அயலவரிடமோ பெற்றான், பின்வருவோருக்குக் கையளிக்கவிருக்கிறான். தோற்ற வீரனை வசைபாடும்போதும், வெற்றிக்காக எதனையும் விற்கச் சம்மதிக்கும்போதும் அவனும் தன் காவலிற் தவறியவனாகிறான்.

இனி, கேர்பியின் வாயிலை விட்டு வெளியேறும் அந்த இரசிகனிடம் மீள்வோம். அவனுக்குப் பின்னால் வாயிற்கதவு மூடப்படுகின்றது. அவன் பார்த்துவந்த கட்டடத்தில் ஒரு செங்கல்லும் அவனுடையதன்று. அதில் உழைக்கும் மனிதர்மீதும் அவனுக்கு உரிமையில்லை. எனினும் மறுவாரம் ‘நாம் வென்றோம்’ என்றே அவன் சொல்வான். அதில் மயக்கம் எதுவுமில்லை. ‘எங்கள் ஊர்’ என்பவன் ஊரை விலைக்கு வாங்கியவனல்லன். ‘எங்கள் மொழி’ என்பவனும் மொழிக்கு உறுதி எழுதிவைத்திருப்பவனல்லன். ஊர் எமக்கு உரியது என்பதினும் நாம் ஊருக்கு உரியவர் என்பதே அத்தொடரின் பொருள். அவ்வாறு தம்மைக் கொடுத்தவரை அந்நியராக நடத்தாதிருத்தலே வாயிலின் உட்புறத்தில் இருப்போரின் கடன். கதவைத் திறந்து விடுமாறு கேட்கும் உரிமை அன்புக்கு இல்லை. கதவுக்கு உள்ளே முடிவுகள் எடுக்கப்படும்போது தான் எண்ணப்படவேண்டும் என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு.