பணிவும் மௌனமும்

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியிலிருக்கும் இளம் செவிலியர், எழுதப்பட்ட மருந்தின் அளவு மிகையெனக் காண்கிறார். உறங்கும் மருத்துவரை எழுப்பிக் கேட்பதா, வாளாவிருப்பதா? அவரிடம் அறிவு இருக்கிறது, நாதான் எழவில்லை. பெரியோர் முன் எதிர்ச்சொல் கூறாமையைப் பண்பெனக் கற்றே தாமிரபரணிக் கரையில் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். அப்பண்பே ஓர் உயிருக்கு ஊறாகுமெனில், அதைப் பணிவு என்பது தகுமா?

1977 மார்ச் 27 அன்று தெனரீப் தீவில் இரு விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் மாண்டனர். எதிரே மற்றொரு விமானம் நிற்கிறதோ என விமானப் பொறியாளர் ஐயத்துடன் வினவினார். மூத்த விமானி அழுத்தமாய் மறுத்தார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, மேலோரிடம் பேசுவதையும் விமானப் பணியாளர் பயிற்சியில் சேர்த்தனர். பின்னர் அது மருத்துவத்திற்கும் வந்தது.

இந்தியச் செவிலியர் குழுமம் 2021-இல் வெளியான இளநிலைப் பாடத்திட்டத்தில் பாவனைப் பயிற்சிக்கு இடமளித்துள்ளது. கட்டிலில் கிடப்பது பொம்மை. ஆயினும் அதன் மார்பு ஏறியிறங்கும், திரையில் நாடி தாழும். நோயாளியின் நிலை, பின்னணி, தம் மதிப்பீடு, செய்யவேண்டியது என நான்கு படிகளில் சுருங்கச் சொல்லச் செவிலியர் பழகுவர். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு நோயாளியைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகையில், வழியில் ஒரு சொல் தவறினாலும் என்னாகும் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

பொம்மையின் முன் பழகிய துணிவு மெய்யான துணிவாகுமா என்று சிலர் கேட்பர். குருமடங்களில் பேராசிரியரே பாவியாக நடிக்க, மாணவர் ஒப்புரவு கேட்டுப் பழகுவதுண்டு. நாமும் அவ்வாறே பழகினோம். (அப்பேராசிரியர்கள் கற்பனை செய்யும் பாவங்கள் மெய்யான பங்கில் அரிது!) அதனால் பின்னர் நாம் வழங்கிய மன்னிப்பு பாவனையாகிவிடவில்லை. நற்பண்பு செயலின் பழக்கத்தால் வேரூன்றும் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை.

கீழுள்ளோர் மேலோரைத் திருத்தலாமா என்ற வினாவையும் அவர் தம் இறையியல் தொகுப்பில் எழுப்பினார். அன்பின் கடமை எல்லாரையும் சாரும். மேலோரை மரியாதையோடும் கனிவோடும் திருத்த வேண்டும் என்பது அவர் விடை. அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை எதிர்த்துரைத்ததும் அங்கு பேசப்படுகிறது. எனவே மருந்தின் அளவை வினவும் செவிலியர் கீழ்ப்படிதலை மீறவில்லை. மரியாதை சொல்லும் முறையில் இருக்கட்டும், சொல்லாமலிருப்பதில் வேண்டாம்.

ஆனால் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. இப்பயிற்சிகளில் மருத்துவர் வேடத்தை ஆசிரியரோ மற்றொரு செவிலியரோ ஏற்பதுண்டு. பேசுபவர் பழகுகிறார், கேட்க வேண்டியவர் அவ்வறையிலேயே இல்லை. ஆலயத்தில் சிறுவன் சாமுவேல் தான் கேட்டதை ஏலியிடம் சொல்ல அஞ்சிக் கிடந்தான். அது ஏலியின் வீட்டுக்கே எதிரான செய்தி. விடிந்ததும் அவனை அழைத்து, எதையும் மறைக்காதே என்று வற்புறுத்தியவர் ஏலியே. முதியவரும் பார்வை மங்கியவருமான அவர் கேட்க முன்வந்த பின்னரே சிறுவன் வாய் திறந்தான்.