குதிகாலில் சிவப்பு

"என்ற காலு கோணலாமா கண்ணு. மிசின்ல வெச்சுப் பாத்துட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா இதைச் சொன்னபோது அவள் குரலில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. ஒரு வருடமாகப் பெயரில்லாமல் இருந்த வலிக்கு யாரோ பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே மேசை, கையில் ட்ரிம்மர். ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பீஸை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, அடுத்ததை எடுக்க வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை 8.30-லிருந்து இரவு 8.30 வரை. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் அதற்கும் மேலே. தரை சிமெண்ட். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும், பத்தடி நடந்தால் கொஞ்சம் விடும் என்பாள்.

வீட்டுப் பக்கத்து மண்டபத்தில் இலவசப் பாதப் பரிசோதனை முகாம் நடந்திருக்கிறது. நடத்தியவர் வெள்ளை கோட் போட்டவர், அக்குபஞ்சரில் ஏதோ சான்றிதழ் வைத்திருப்பவர். ஒரு பலகை மேல் ஏறி நின்றால் லேப்டாப்பில் பாதத்தின் படம் விழும். அம்மாவின் குதிகாலும் முன்பாதமும் சிவப்பாக இருந்தன. இந்தச் சிவப்புதான் குதிகால் வலிக்குக் காரணம், முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் இதுவே காரணம், சின்ன வயசில் செருப்பில்லாமல் வளர்ந்ததால் பாதம் தட்டையாகிவிட்டது என்றார். அவள் காலுக்கென்றே அளவெடுத்துச் செய்யும் இன்சோல், அதை வைக்கத் தோதான செருப்பு, இரண்டும் சேர்த்து 6,500 ரூபாய். முகாமுக்கு வந்ததால் 4,800. சனிக்கிழமை சம்பளத்தில் தவணையாகவும் கட்டலாம்.

நான் பிழைப்புக்கு டாஷ்போர்டு செய்கிறவன். திரையில் எது பச்சை, எது சிவப்பு என்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கான்ஃபிக் ஃபைலில் யாரோ ஒரு எண்ணை எழுதியிருப்பார்கள். எண்ணைக் கொஞ்சம் இறக்கினால் ஊரே சிவப்பாகும். நிற்கிற மனிதன் யாராக இருந்தாலும் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும்தான் இறங்கும். ஒலிம்பிக் ஓட்டக்காரரை நிறுத்தினாலும் அங்கேதான் நிறம் அடர்ந்து தெரியும்.

"அன்னைக்கு வந்ததுல யாருக்காச்சும் ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அதெப்படி, எல்லாத்துக்கும் ஏதோ ஒண்ணு இருந்துச்சே."

எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஒரே விடை தருகிற சோதனையை எங்கள் ஆபீஸில் எழுதினால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மண்டபத்தில் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொரு வித்தையும் காட்டியிருக்கிறார். கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கச் சொல்லி அழுத்துவார், தடுமாறுவோம். இன்சோல் மேல் நிற்கவைத்து மறுபடி அழுத்துவார், அசைய மாட்டோம். சூட்சுமம் அழுத்தும் திசையில் இருக்கிறது. உடம்பை விட்டு விலகுகிற பக்கம் அழுத்தினால் யாரும் சாய்வார்கள், உடம்பை நோக்கி அழுத்தினால் நிற்பார்கள். அழுத்துகிறவருக்கே தெரியாமலும் திசை மாறலாம். பவர் பேலன்ஸ் என்ற ரப்பர் வளையலை உலகமெங்கும் விற்க உதவியது இதே மாதிரி வித்தைதான். தங்கள் கூற்றுக்கு நம்பகமான அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2010 இறுதியில் ஆஸ்திரேலியாவில் அந்த நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

காலை வைத்துச் செய்யும் வியாபாரத்தில் கருவியின் கவர்ச்சி பழையது. 1920-களிலிருந்து அமெரிக்கச் செருப்புக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி இருந்தது. குழந்தைகள் காலை உள்ளே விட்டுத் தங்கள் விரல் எலும்பைப் பார்த்துச் சிரித்தார்கள். விற்றது ஷூ, வாங்கிக்கொண்டது கதிர்வீச்சு. 1957-ல்தான் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது. 2012-ல் ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் தன் ஷேப்-அப்ஸ் ஷூ பற்றிய விளம்பரங்களுக்காக 40 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த விளம்பரம் ஒன்றில் பரிந்துரைத்த கைரோபிராக்டர், நிறுவனத்தின் மார்க்கெட்டிங் அதிகாரி ஒருவரின் கணவர் என்பதும், அவர் நடத்திய 'சுதந்திரமான' ஆய்வுக்கு நிறுவனமே பணம் கொடுத்தது என்பதும் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டில் இருந்தன.

இன்சோலே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடியாத ஊர் நம்முடையது. 1946-ல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதத்தில் வரும் புண்ணுக்கு உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று கண்டுகொண்டார். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்குவது அதன் வழிவந்ததுதான். அது காலைக் காப்பாற்றும். கழுத்து வலியைப் போக்குவதாக அது சொல்லிக்கொள்வதில்லை.

அம்மாவுக்கு இருப்பது போன்ற குதிகால் வலிக்கு 2006-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இருக்கிறது. 135 பேர். சிலருக்கு அளவெடுத்துச் செய்தது, சிலருக்குக் கடையில் கிடைப்பது, சிலருக்குப் பேருக்கு ஒரு மெல்லிய ஃபோம். 3 மாதத்தில் முதல் இரண்டும் நடமாட்டத்துக்குக் கொஞ்சம் உதவின. அவற்றுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 12 மாதம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. செருப்பில்லாமல் வளர்ந்த கதைக்கும் பதில் உண்டு. இந்தியாவில் 2,300 குழந்தைகளின் பாத அச்சைப் பார்த்து ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 1992-ல் எழுதினார்கள்: செருப்புப் போட்டு வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், போடாதவர்களில் 2.8.

சட்டம் என்ன செய்கிறது என்றும் பார்த்தேன். இந்த வேலைக்கென்று படித்த ஆர்த்தோட்டிஸ்டுகளை 1992-ன் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் பதிவு செய்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தொகை அம்மாவின் இன்சோல் விலையில் கால்பங்குகூட இல்லை.

இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு அம்மாவை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இப்ப பரவால்ல கண்ணு. வலி பாதி கொறஞ்சிருச்சு."

பேச்சை மாற்றிவிட்டேன். இந்த மாதிரி வலி பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே தணியும். மெத்தென்ற எதை வைத்தாலும் கொஞ்சம் இதமாக இருக்கும். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பணம் போய்விட்டது. இதமாவது இருக்கட்டும். அந்த மனிதரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. அவரும் அதே இன்சோலைத்தான் போட்டிருக்கிறாராம்.

வில்லியம் கிளிஃபோர்ட் 1877-ல் எழுதிய 'நம்பிக்கையின் அறம்' கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, சந்தேகம் வருகிறது. எத்தனை பயணம் போய் வந்த கப்பல் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தி, உண்மையாகவே நம்பி, ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது, அவர் காப்பீட்டை வாங்கிக்கொள்கிறார். அவர் நம்பியது நிஜம், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்று கேட்கிறார் கிளிஃபோர்ட். தன் கருவி ஒருமுறைகூட 'ஒன்றுமில்லை' என்று சொன்னதில்லையே என்று முகாம்காரர் யோசித்திருக்கலாம். இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுசாக இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் 'இலவச ஆரோக்கிய மதிப்பெண்' பக்கம் ஒன்றை நானே எழுதினேன். அதில் யாருக்கும் 82-க்கு மேல் வராது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்ரைசல் நன்றாக வந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. முன்பெல்லாம் அம்மாவும் உடன் வேலை செய்பவர்களும் சூப்பர்வைசரிடம் ஸ்டூல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்பது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 44-வது பிரிவில் எழுதியிருந்ததுதான். இப்போது அம்மா கேட்பதில்லை. "என்ற கால்ல கோளாறு, அவங்களக் கேட்டு என்னாகுது" என்றாள். 4,800 ரூபாய் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது அப்போதுதான்.

அன்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அயர்னிங்கில் இருப்பவர். அடுத்த வாரம் மறுபடி முகாமாம், போகலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

"போய்ப் பாரு. எனக்கு நல்லாத்தான் இருக்குது. வேணும்னா இவனக் கேளு, இஞ்சினியருக்குப் படிச்சிருக்கறான்."

அம்மாவுக்காக வைத்திருந்த மௌனம் இப்போது அக்காவின் பணத்தில் கைவைக்கப் போகிறது. சொன்னேன். பலகை, சிவப்பு, கையை அழுத்துகிற வித்தை எல்லாவற்றையும். கடையில் சாதாரண குதிகால் மெத்தையே வாங்கிப் பாருங்க, விடலைன்னா ஜி.எச்.ல எலும்பு டாக்டரப் பாருங்க, சக்கரை இருந்தா மொதல்லயே பாத்துருங்க என்றேன்.

அம்மா டீ டம்ளரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்ற காலு கோணலில்லியா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் வலிக்குது?"

அக்கா சிரித்துவிட்டார். "பன்னெண்டு மணி நேரம் நின்னா வலிக்காதாக்கா?"

அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் அதே செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு போனாள்.