பிடரியில் மிச்சம்

முடி நட்டுக்கொண்டவரின் தலையில் இரண்டு விதமான முடி வளர்கிறது. பிடரியிலிருந்து எடுத்து முன்னால் வைத்தது ஒன்று. பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது இன்னொன்று. நட்டது நிற்கும். அதன் பின்னாலும் இடுக்குகளிலும் இருக்கிற பழைய முடிக்கு இந்தச் சிகிச்சை நடந்ததே தெரியாது. தன் வேகத்தில் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

திருச்சி தில்லை நகரில் குறுக்குத் தெரு தோறும் கிளினிக் பலகைகள். முடிக்கான பலகைகளில் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்கள் இருக்கும். பத்தாண்டு கழித்து எடுத்த மூன்றாவது படத்தை நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை. அந்த மூன்றாவது படத்தைப் பற்றித்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

*

அக்கா பையனுக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் வேலை. வீட்டில் ஜாதகம் எடுத்தாகிவிட்டது. நெற்றி இரண்டு ஓரத்திலும் ஏறியிருக்கிறது. போன முறை ஸ்ரீரங்கம் வந்தபோது திண்ணையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிண்டுட்டா ஒரு கவலை விட்டதுன்னு இருக்கலாம் இல்லையா?”

“உங்க அப்பாவுக்கு இந்த வயசுல எப்படி இருந்ததுடா?”

“கல்யாண ஃபோட்டோல நன்னாத்தான் இருக்கு மாமா.”

ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவன் அப்பா மணக்கோலத்தில் அடர்ந்த கிராப்போடு நிற்கிறார். இவனுடைய பூணூல் கல்யாணப் படத்தில் காதோரமும் பிடரியும் மட்டும்தான் மிச்சம். இடையில் அதிக வருஷமில்லை. என் அப்பாவின், அதாவது அவனுடைய தாய்வழித் தாத்தாவின் படத்தில் உச்சி முழுக்க வெறுமையாக இருக்கிறது. அவன் மூன்று படங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் அப்பாவைப் பார்த்தால் போதும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. ஆண் ஹார்மோனை ஏற்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அது மகனுக்குத் தாய்வழியாக வருகிறது. வழுக்கையில் பங்குள்ள மற்ற மரபணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே இரண்டு குடும்பத்துப் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் முன் வைப்பது நல்லது. பரிசோதனைக் கூடம் தராத ஒரு விவரத்தை அவை தரும்.

இருபத்தாறு வயதில் முடி கொட்டும் துக்கத்தை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் தலையணையில் கிடக்கும் முடியைப் பார்த்து ஒரு பையன் கூசிப்போவதை “ஆண்பிள்ளைக்கு என்னடா அழகு” என்று தள்ளுகிறவர்கள், பெண் வீட்டார் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. சிகிச்சை வேண்டும் என்று அவன் நினைப்பதில் தவறே இல்லை. அதை ஒரு முடிவாக அவன் நினைப்பதுதான் என்னை உறுத்துகிறது.

*

பிடரி முடி ஏன் நிற்கிறது? நியூயார்க்கில் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைச் 1952-ல் செய்து பார்த்ததுதான் இன்றைய சிகிச்சைக்கெல்லாம் அடிப்படை. தலையின் பின்புறத்திலிருந்து சின்னச் சின்ன வட்டங்களாகத் தோலை எடுத்து வழுக்கையில் பதித்தார். அந்த முடி புது இடத்துக் குணத்தை ஏற்கவில்லை. பிடரியில் எப்படி வளர்ந்ததோ அப்படியே நெற்றியிலும் வளர்ந்தது. 1959-ல் அதை எழுதி வெளியிட்டார். ஜப்பானில் ஷோஜி ஒகுடா தழும்பேறிய தலைகளில் முடி பதித்து 1939-லேயே எழுதியிருந்தார். போர்க்காலத்தில் அது வெளியுலகுக்கு எட்டவில்லை.

டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலில் உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன்தான் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்களைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிவிடும். பிடரி வேர்கள் பெரும்பாலும் இதற்கு அசைவதில்லை. எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பிடரியிலும் மெலிவு பரவியிருக்கும். அவர்களுக்கு இந்தச் சிகிச்சையே ஆகாது. வயதேற ஏற நல்ல பிடரியும் கொஞ்சம் அடர்த்தி குறையும், நரைக்கும். அங்கிருந்து எடுத்து நட்டதும் கூடவே நரைக்கும்.

ஓரிடத்து முடியில் கிட்டத்தட்ட பாதி போகும்வரை வெளியில் தெரிவதில்லை. கண்ணாடியில் வழுக்கை தென்படும் நாளில் அது பாதி வழி வந்திருக்கிறது. இன்று அடர்த்தியாகத் தோன்றும் நடுத்தலையில் எத்தனை முடி மெலியத் தொடங்கிவிட்டது என்பதை உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதைப் பார்க்காமலே கிராஃப்ட் எண்ணிக்கையும் தொகையும் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

*

கணக்கு இது. கிராஃப்ட் என்பது ஒரு வேர்க்கூட்டம். அதில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் பிடரியிலிருந்து பத்திரமாக எடுக்கக்கூடியது சுமார் 5,000 முதல் 6,000 கிராஃப்ட். சிலருக்கு இதைவிடக் குறைவு. ஹாமில்டன் வகுத்து, 1975-ல் நார்வுட் திருத்திய ஏழு படிகளில் கடைசிப் படிக்குப் போகும் தலையில் வெறுமையாகும் இடம் 200 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். இயற்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 வேர்க்கூட்டம் என்று வைத்துக்கொண்டால் 16,000 வேண்டும். கையில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு.

காவிரிக்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் நீர் முக்கொம்புக்கு வந்து, கல்லணையில் பிரிந்து, வேதாரண்யம் பக்கம்வரை போக வேண்டும். தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் கடைமடை காயும். நீர் குறைந்த ஆண்டுகளில் அதனால்தான் முறை வைத்து விடுகிறார்கள். இங்கே நெற்றிதான் தலைமடை, நடுத்தலை தாண்டி உச்சிதான் கடைமடை. இருபத்தாறு வயதில் நெற்றிக்கே 3,500 கிராஃப்டைக் கொட்டிவிட்டால், நாற்பதில் நடுத்தலை காயும்போது எடுக்க என்ன இருக்கும்? ஒரு வித்தியாசம் உண்டு. குடகில் மழை பெய்தால் மேட்டூர் மறுபடி நிறையும். பிடரியில் எடுத்த வேர் அந்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை.

முகத்துக்குச் சட்டமாக நிற்பது முன்பகுதி என்பதால் முதலில் அங்கே நடுவது முறைதான். அளவாக நட வேண்டும். உச்சியைக் கடைசிக்கு விடலாம், விட்டே விடலாம். உச்சி வழுக்கையோடு நடமாடும் நடுவயதுக்காரரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறு வயதில் உச்சிச் சுழியில் நட்டுக்கொண்டவருக்கோ, சுற்றிலும் இருந்த முடி போன பிறகு நடுவில் ஒரு திட்டு மட்டும் தீவாக நிற்கும்.

*

முன்கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் இளைஞர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். பதினெட்டு வயதில் இருந்த கோடு வேண்டும். வளர்ந்த ஆணுக்குப் புருவ நடுவிலிருந்து 7 அல்லது 8 சென்டிமீட்டர் மேலே, ஓரங்களில் சற்று உள்வாங்கிய கோடுதான் அறுபதிலும் முகத்தோடு பொருந்தும். தாழ்வாக வைத்த நேர்கோடு ஐந்தாண்டு அழகாக இருக்கலாம். பிறகு அதன் பின்னால் வெறும் தோல் தெரியத் தொடங்கும். அந்தக் கோட்டைப் பின்னுக்குத் தள்ள நட்டதைப் பிடுங்கத்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் குடுமி வைத்த பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். முன்பக்கம் மழித்தே இருந்த காலத்தில் நெற்றி ஏறியது யார் கண்ணிலும் பட்டிருக்காது. கிராப்பு வந்த பிறகுதான் அந்த ஓரங்கள் ஊருக்குத் தெரிந்தன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

*

நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிரும். பயந்துபோய்ப் பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வேர் உள்ளே இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுதாகத் தெரிய ஓராண்டு ஆகும். ஆனால் பக்கத்திலிருந்த மெலிந்த பழைய முடியும் அந்த அதிர்ச்சியில் உதிரலாம். அதில் ஏற்கெனவே நலிந்தது எல்லாம் திரும்பி வராது. மெலியத் தொடங்கிய இடத்தில் அவசரமாக நடுவதன் விலை இது.

பழைய முடியைக் காப்பது மருந்து. ஆண்களின் வழுக்கைக்கு ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1997-லும், தடவும் மினாக்ஸிடிலுக்கு 1988-லும் அனுமதி கிடைத்தது. நட்டாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நட்ட முடிக்கு மாத்திரை வேண்டாம், மற்றதற்குத்தான் வேண்டும். நிறுத்தினால் ஓராண்டுக்குள் மருந்து காத்துவைத்தது போய்விடும். ஆகவே முடி நடுவது என்று தீர்மானிக்கும்போதே பல ஆண்டு மாத்திரைக்கும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

அந்த மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. சிறு பங்கினருக்குத் தாம்பத்திய ஆசை குறைகிறது. சிலருக்கு மனச்சோர்வு வருகிறது. தற்கொலை எண்ணத்தையும் பக்கவிளைவாக மருந்தின் விளக்கச் சீட்டில் சேர்க்கும்படி அமெரிக்க மருந்துத்துறை 2022-ல் சொன்னது. புதிதாகக் கல்யாணமான பையன் இதையெல்லாம் மனைவியிடமும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அவள் கருவுற்றிருக்கும்போது உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. சாப்பிடும் காலத்தில் இவன் ரத்த தானம் செய்யக் கூடாது. முதுமையில் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பிஎஸ்ஏ பரிசோதனை செய்யும்போது இந்த மாத்திரை அந்த அளவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துக் காட்டும். பரிசோதிக்கும் மருத்துவரிடம் சொல்லாவிட்டால் நோய் தப்பிப் போகலாம்.

*

எங்கள் பக்கத்து ஆணின் தலை வாழ்நாளில் சில முறையாவது கத்திக்குக் கீழே வரும். குழந்தையில் குலதெய்வத்துக்கு. பிறகு வேண்டிக்கொண்டால் சமயபுரத்தில்.  கடைசியாக, அப்பாவோ அம்மாவோ போகும்போது. அதைத் தள்ளிப் போட முடியாது, நாள் குறிக்கவும் முடியாது.

வெளிநாட்டு மருத்துவ நூல்களில் இந்த மொட்டைக்கு ஏன் இடமிருக்கப் போகிறது? இங்குள்ள மருத்துவர்கள் கேட்க வேண்டும். “உங்க வீட்டுல காரியத்துக்குத் தலை மழிக்கிற வழக்கம் உண்டா?” என்ற ஒரு கேள்வி முறையையே மாற்றிவிடும். எஃப்யூடி முறையில் பிடரியிலிருந்து ஒரு பட்டையாகத் தோலை எடுத்துத் தைப்பார்கள். ஒரு விரல் அளவு முடி இருந்தால் தழும்பு தெரியாது. மழித்தால் காதிலிருந்து காதுவரை கோடு தெரியும். எஃப்யூஇ முறையில் வேர்களை ஒவ்வொன்றாக எடுப்பதால் கோடு விழாது. ஆனால் எடுத்த இடமெல்லாம் வெளிறிய புள்ளிகள் இருக்கும். ஒரே இடத்தில் அதிகம் எடுத்திருந்தால் மொட்டையில் பூச்சி அரித்ததுபோலத் திட்டுத் திட்டாகத் தெரியும். தழும்பே இல்லாத முறை கிடையாது.

மழித்தால் நட்டது போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, சவரக் கத்தி அங்கே எட்டாது. புண் முழுதாக ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் சில மாதங்களில் மருத்துவரைக் கேட்காமல் கத்தி வைக்கக் கூடாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் இல்லை. வெட்டுப்பட்ட நுனி தடித்துத் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

என் அப்பா போனபோது ஸ்ரீரங்கம் காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படியருகே தலையைக் கொடுத்தேன். ஈரத்துணியோடு நிற்கையில் தலையில் காற்று பட்டது. அந்த நாட்களில் கண்ணாடி பார்த்த நினைவே இல்லை. பையனிடம் இதைச் சொன்னேன். காரியத்துக்கு உட்காரும் நாளில் துக்கம் கேட்க வந்தவர்களின் கண் உன் பிடரித் தழும்புக்குப் போகிறதா என்று நீ யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. மழிப்பதா வேண்டாமா என்பதை நீயே தீர்மானி, ஆனால் அதை இப்போதே மருத்துவரிடம் பேசிவிடு. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அப்பாகிட்ட எப்படி மாமா இதைப் பத்திப் பேசறது?” என்று கேட்டான். பேச வேண்டாம், நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்றேன்.

*

சென்னையில் 2016-ல் முடி நட்டுக்கொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் அதன்பின் இறந்துபோனார். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி. மயக்க மருந்து, நேரம், யார் கையில் கத்தி இருக்கிறது என்பதெல்லாம் அறுவைச் சிகிச்சைக்குரிய கவனத்தைக் கேட்பவை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட அறிவுறுத்தலில், முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றே எழுதியிருக்கிறது.

அக்கா பையன் இன்னும் ஓராண்டு மருந்து மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். முடி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று அதற்குள் கொஞ்சம் தெரியும். கல்யாணம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே நட்டுக்கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த முறையில், எந்த இடத்திலிருந்து, எத்தனை கிராஃப்ட் எடுத்தார்கள், எங்கே எத்தனை வைத்தார்கள், பிடரியில் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்து வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் தலையைப் பார்க்கப்போகிறவர் வேறொரு மருத்துவராக இருக்கலாம். அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.