புகழ்ந்தவரை மன்னிக்காத நடிகை

தம்மை இகழ்ந்தவரை ஆயுள் உள்ளவரை மன்னிக்காத மனிதர்களை நாம் எல்லோரும் அறிவோம்; நம் சொந்தக்காரர்களிலேயே அப்படி நாலு பேர் இருப்பார்கள். ஆனால் தம்மை வானளாவப் புகழ்ந்த ஒருவரை மன்னிக்க மறுத்த ஒரு நடிகையைப் பற்றிப் படித்த நாள் முதலாக, அந்தக் கோபத்தில் என்ன நியாயம் இருக்கக்கூடும் என்னும் கேள்வி, வேறு வேலைகளின் நடுவிலும் வந்து வந்து என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

நடிகையின் பெயர் விவியன் லீ. சம்பவம் நடந்தது 1935-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி இரவு, லண்டன் மாநகரத்து அம்பாஸடர்ஸ் தியேட்டரில். அப்போது அவருக்கு வயது 21. ஒரு பாரிஸ்டரின் மனைவி. இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தைக்குத் தாய். விவாகத்தை முன்னிட்டு நாடகக் கலாசாலைப் படிப்பை நடுவிலே விட்டவர். சினிமாவிலும் மேடையிலும் சில வேஷங்களுக்கு மேல் கண்டறியாதவர். ‘தி மாஸ்க் ஆஃப் வர்ச்யூ’ என்னும் நாடகத்தில் அன்று அவர் தோன்றினார். மறுநாள் பொழுது விடிந்தபோது பிரசித்தி பெற்ற நடிகையாக இருந்தார். முன்னொரு சமயம் அவரை நேரில் பார்த்து, விசேஷமாக ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட படத் தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டாவே நாடகத்தைப் பார்த்துவிட்டுத் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு ஒப்பந்தம் செய்துகொள்ள, அதன் மதிப்பு 50,000 பவுன் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இத்தனை அமர்க்களத்துக்கு நடுவே, விமரிசகர் ஒருவர் அவரை மகத்தான நடிகை என்று எழுதிவிட்டார்.

இந்த வார்த்தையைத்தான் அவர் மன்னிக்கவில்லை. வெகு காலம் கழித்து அந்த நாட்களைப் பற்றிப் பேசியபோது, அப்படி எழுதியது அசட்டுத்தனம் மாத்திரமல்ல, பொல்லாத காரியமும்கூட என்றும், தம்மால் சுமக்க முடியாத ஒரு பொறுப்பை அது தம்மீது ஏற்றிவிட்டது என்றும், அந்தப் புகழுரைக்குத் தகுதியாகும் அளவுக்குத் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்றும் சொல்லிவிட்டு, அந்த விமரிசகரைத் தமக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, இன்றுவரை மன்னிக்கவில்லை என்று முடித்தாராம். நன்றாக ஞாபகமிருக்கிறது! உலகம் முழுதும் கொண்டாடிய ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் நடித்து, ஆஸ்கர் பரிசை ஒரு முறைக்கு இரு முறை வாங்கிய ஒருவருக்கு, இருபத்தொரு வயதில் கிடைத்த ஒரு நல்ல வார்த்தை இப்படி ஞாபகத்தில் முள்ளாகத் தங்கியிருக்க வேண்டுமா?

காரணம் இல்லாமல் இல்லை. நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதவே, அதை நடத்திய சிட்னி கரோல் அம்பாஸடர்ஸிலிருந்து அதைக் காட்டிலும் மிகப் பெரியதான செயின்ட் ஜேம்ஸ் தியேட்டருக்கு மாற்றினார். அங்கே போனதும்தான் குட்டு வெளிப்பட்டது. சிறிய கொட்டகையில் எல்லோரையும் மயக்கிய குரல் பெரிய கொட்டகையின் கடைசி வரிசையை எட்டவில்லை. அத்தனை பெரிய சபையைக் கட்டிப்போடும் சக்தியும் அந்த இளம் பெண்ணுக்கு அப்போது இல்லை. நாடகம் சீக்கிரமே நின்றுபோயிற்று. புகழ், பெண்ணை முந்திக்கொண்டு ஓடி, அவர் வந்து சேராத இடத்தில் போய் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா மகன் ஞாபகம் வந்தது. வீட்டில் அவனைக் குஞ்சு என்று கூப்பிடுவோம். ஒரு நவராத்திரியில், கொலுவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு அவன் பாடியதைக் கேட்டு, ஊரில் சங்கீத ஞானஸ்தர் என்று பெயரெடுத்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, இது பூர்வஜன்ம வாசனை; இந்தப் பிள்ளைக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை” என்றார். கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் குஞ்சுவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கண்ணேறு இருக்கும் என்று எங்கள் பாட்டி அன்றிரவே உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்து அவனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள், மிளகாய் வெடித்தும் நெடி வராததைக் கண்டு, “பார்த்தாயா, எத்தனை திருஷ்டி!” என்று பெரியம்மாவிடம் சொன்னாள். பாட்டி தன் பேரன் பேத்திகளில் ஒருவரையும் முகத்துக்கு நேரே புகழ்ந்து நான் கேட்டதில்லை. சமையல் நன்றாயிருந்தால்கூட, “உப்பு சரியாக இருக்கிறது” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதைக் கருமித்தனம் என்று நாங்கள் அப்போது நினைத்தோம். அது ஒருவகை ஜாக்கிரதையாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உப்பும் மிளகாயும் கண்ணேற்றைக் கழித்தனவோ என்னவோ, பெரியவரின் வாக்கைக் கழிக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதைப் பெரியப்பா அட்சரசுத்தமாக எடுத்துக்கொண்டு, மாதச் சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்த பாட்டு வாத்தியாரை நிறுத்திவிட்டார். பிறகு மகரக்கட்டு வந்தது, குரல் உடைந்தது, குஞ்சு பாட்டை விட்டுவிட்டுத் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவானான். பிற்காலத்தில் ஒரு நாள் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எவ்விதக் கசப்பும் இல்லாமல், “பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?” என்றான். அவன் மன்னித்துவிட்டான். மன்னித்தவன் பாடவில்லை, மன்னிக்காதவர் நடித்துக் காட்டினார். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுத என் கை துடிக்கிறது. ஆயினும் வாத்தியார் தொடர்ந்து வந்திருந்தால் மட்டும் குஞ்சுவின் குரல் உடையாமல் இருந்திருக்குமா என்று நினைக்கும்போது கை தயங்குகிறது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. விவியன் லீ டார்ஜீலிங்கில் 1913-இல் பிறந்தவர். தகப்பனார் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூரில் இருந்த காலத்தில், தாயும் மகளும் நம் உதகமண்டலத்தில் வசித்திருக்கிறார்கள். தாயார் சேர்ந்திருந்த அமெச்சூர் நாடகக் குழுவில் ஒரு குழந்தைப் பாட்டை ஒப்பித்து அவர் முதன்முதலாக மேடையேறியபோது வயது மூன்று. ஆறு வயதில் இங்கிலாந்தில் கன்னிமாடப் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட அவர், தம்முடன் படித்த மௌரீன் ஓ’சல்லிவன் என்னும் சிறுமியிடம் தம் லட்சியத்தைச் சொல்லியிருக்கிறார். என்ன லட்சியம்? மகத்தான நடிகையாக வேண்டும் என்பதுதான்! குழந்தைப் பருவத்தில் தாமே தமக்கென்று விரும்பித் தேர்ந்துகொண்ட அதே பட்டத்தை, வேறொருவர் எடுத்துச் சூட்டியபோது அது பொறுக்க முடியாததாகப் போனது ஏன்? ஆசை, தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் பிராமிசரி நோட்டு; தவணையை நாமே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ஊரார் எழுதிக் கொடுத்த நோட்டுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மறுநாள் மாலை திரை தூக்கியவுடனேயே வசூலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர் அந்தக் கடனைத் தீர்த்த விதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1937-இல் டென்மார்க்கின் எல்சினோர் கோட்டையில் லாரன்ஸ் ஒலிவியர் ஹாம்லெட்டாக நடிக்க, இவர் ஒஃபீலியா வேஷம் கட்டினார். முதல் நாள் மழை கொட்டவே, கோட்டை முற்றத்தை விட்டு ஒரு ஹோட்டலின் நடனக் கூடத்தில் ஆடவேண்டி வந்தது. பிறகு லண்டனில் ஓல்ட் விக் மேடை. பிறகுதான் ஹாலிவுட். அதற்கெல்லாம் பிறகு, 1951-இல், குரல் எட்டாமற்போன அதே செயின்ட் ஜேம்ஸ் தியேட்டருக்கு ஒலிவியருடன் திரும்பி வந்து, ஓர் இரவு பெர்னார்ட் ஷாவின் சிறுபெண்ணான கிளியோபாத்ராவாகவும், மறு இரவு ஷேக்ஸ்பியரின் பிராயம் முதிர்ந்த கிளியோபாத்ராவாகவும் மாறி மாறி நடித்தார். அப்போது கென்னத் டைனன் என்ற இளம் விமரிசகர் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்; பின்னரும் பல தடவை எழுதினார்; விவியன் லீ 1967-இல் காசநோயால் மாண்ட பிறகு, அப்படி எழுதியது தம் வாழ்நாளின் மிக மோசமான தவறுகளில் ஒன்று என்று ஒப்புக்கொண்டார். கேட்க வேண்டியவர் போன பிறகு சொல்லப்படும் நல்ல வார்த்தையால் யாருக்குப் பிரயோஜனம்? ஒருவர் காலத்துக்கு முன்னே புகழ்ந்தார், மற்றவர் காலம் கடந்து புகழ்ந்தார். சரியான காலம் என்று ஒன்று உண்டானால், அதை அறிந்து பேசக்கூடிய விமரிசகரை நான் இதுவரை சந்திக்கவில்லை. நானும் சில புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதியவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரை இடிக்க ஏற்பாடாகியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரபுக்கள் சபையில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த விவியன் லீ சட்டென்று எழுந்து, சபை மரியாதை எதையும் பாராட்டாமல், அந்த நாடகசாலை இடிக்கப்படுவதை ஆட்சேபிப்பதாக உரக்கச் சொன்னார். காவலதிகாரி வந்து அவரை வெளியே அழைத்துச் சென்றார். அன்று அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. பத்திரிகைகள் வழியாகத் தேசம் முழுவதற்குமே கேட்டது. தியேட்டரை எப்படியும் இடித்துத்தான் விட்டார்கள். தம்மைத் தோற்கடித்த கட்டிடத்துக்காக ஒருவர் இப்படி மன்றாடியதைக் காணும்போது, கட்டிடத்தை மன்னித்தவர் மனிதரை மட்டும் ஏன் மன்னிக்கவில்லை என்று மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறேன். பெரிய கொட்டகை அவரிடம் இல்லாததை இல்லை என்று சொல்லிற்று. விமரிசகர் இல்லாததை உண்டு என்று சொன்னார். அவ்வளவுதானா வித்தியாசம்? இருக்கலாம். அந்த விமரிசகரின் வார்த்தை மட்டும் இல்லாவிட்டால் அவர் அத்தனை ஆண்டுகள் அத்தனை பாடுபட்டிருப்பாரா என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

சென்ற மாதம் குஞ்சுவின் பேத்தி என் எதிரில் உட்கார்ந்து பாடினாள். சாரீரம் நன்றாகவே இருந்தது. பாட்டு முடிந்ததும் வீட்டார் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “வாத்தியார் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்?” என்று மட்டும் கேட்டேன். குழந்தையின் முகம் சற்று வாடியது போலிருந்தது. நான் செய்தது பாட்டியின் ஜாக்கிரதையா, வெறும் கருமித்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தைகளை வளர்த்து அநுபவப்பட்ட வாசகர்கள் யாரேனும் நிச்சயமாக அறிந்திருந்தால் எழுதித் தெரிவிக்கலாம்.