சாட்சி எதைக் கண்டது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1993 முதல் தன் பிக்கப் டிரக்குகளில் பொருத்திய 4எல்60-இ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முன்னே செல்ல நான்கு கியர்களும் ஒரு ரிவர்ஸும் உண்டு. எந்த நொடியில் எந்தக் கியர் என்பதை வண்டியின் கணினி முடிவு செய்கிறது. இரண்டு சிறிய சொலினாய்டுகள் அந்த மின்கட்டளையை எண்ணெய் அழுத்தமாக மாற்றுகின்றன. அழுத்தம் வால்வுகளைத் தள்ள, கிளட்சுகள் பிடிக்கின்றன. கியர் விழாமல் வண்டி தடுமாறும்போது, கோளாறு மின்சாரப் பக்கமா, இயந்திரப் பக்கமா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதில் தவறினால், ஒரு கனெக்டரைத் துடைத்தால் தீரும் சிக்கலுக்கு முழுக் கியர்பாக்ஸும் தரையில் இறங்கும். அல்லது உள்ளே கிளட்ச் கருகிக் கிடக்க, வெளியே புதிய சொலினாய்டு ஏறும். ஸ்கேனரை மாட்டினால் கணினியே ஒரு பிழைக் குறியீட்டைச் சொல்லிவிடுகிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்பது பட்டறையின் கேள்வி மட்டுமல்ல. பிறர் சொல் எப்போது அறிவாகும் என்று நம் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதாடிய கேள்வி. சொல்பவர் பொய் சொல்லாதவர் என்பது மட்டும் போதாது, சொன்னதை அவர் எந்த வழியில் அறிந்தார் என்று விளங்கும்வரை அந்தச் சொல்லின் எடை நமக்குத் தெரியாது என்பதே என் வாதம்.

அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை, அதாவது அறிவு கிடைக்கும் வழிகளை, பற்றிப் பேசுகிறார். பிறர் கொண்ட பத்து அளவைகளை எண்ணிக் காட்டி, எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். பிறர் சொல்லான உரை மூன்றாவது. நியாய மரபில் வாத்ஸ்யாயனர், யாருடைய சொல்லை அளவையாகக் கொள்ளலாம் என்பதற்கு இரண்டு தகுதிகள் வைக்கிறார்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். நாம் பெரும்பாலும் இரண்டாவதையே சோதிக்கிறோம். நல்லவரா, நம்மை ஏமாற்றுவாரா என்று பார்த்ததும் மனம் அமைதியாகிவிடுகிறது. முதல் தகுதியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் சாட்சியத்தின் உயிர் அந்த முதல் தகுதியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் இலகு வாகனங்களுக்குக் கட்டாயமான பொதுக் குறியீட்டு முறையில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். முதல் சொலினாய்டைப் பற்றி அந்தக் கணினி இரண்டு விதமாகப் பேசும். பி0753 என்றால் மின்சுற்றில் பிழை. சொலினாய்டை அணைத்திருக்கும்போது கம்பியில் வோல்டேஜ் உயர்ந்தும், இயக்கும்போது பூஜ்யத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும். அப்படி இல்லாததைக் கணினி தன் முனையிலேயே கண்டது. இது காண்டல். பி0751 என்றால் செயல்பாட்டில் பிழை. கட்டளை போயிற்று, சுற்றும் சரி, ஆனால் எஞ்சின் வேகத்தையும் வெளியேறும் தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டால் கேட்ட கியர் விழுந்ததாகத் தெரியவில்லை. முதல் கியரின் விகிதம் 3.06, இரண்டாவதன் விகிதம் 1.63, கணக்கு எதிர்பார்த்தபடி வரவில்லை. இது கருதல். சொலினாய்டின் அடைப்பு, வால்வின் சிக்கல், கிளட்சின் வழுக்கல் எல்லாமே இந்தக் கணக்கைக் கெடுக்கக் கூடியவை. ஸ்கேனர் திரையில் இரண்டு குறியீடுகளும் ஒரே எழுத்தில், ஒரே தொனியில் வருகின்றன. ஒன்று கண்டவர் வாக்கு, மற்றது ஊகித்தவர் வாக்கு என்று பிரித்துக் கேட்பது கேட்பவரின் கடமை. கண்டதாகச் சொல்வதற்கும் எல்லை உண்டு: பி0753 சுற்றைக் குற்றம் சாட்டுகிறதே தவிர, அறுந்தது சுருளா, கம்பியா, கனெக்டரா, கணினிக்குள் இருக்கும் இயக்கியா என்று அதற்குத் தெரியாது.

பி1870 இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. கியர்பாக்ஸுக்குள் ஏதோ ஒன்று வழுக்குகிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அந்த ஆண்டுகளின் 4எல்60-இயில் உள்ளே நுழையும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. எஞ்சினுக்கும் வெளித்தண்டுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டரும் கிளட்சுகளும் அடுக்காக நிற்கின்றன. எந்த அடுக்கில் வழுக்கல் என்று பார்க்கக் கணினிக்குக் கண் இல்லை. பல வண்டிகளில் உண்மையான காரணம், கன்வெர்ட்டர் கிளட்சை ஆளும் வால்வு தன் அலுமினியக் குழியைத் தேய்த்துவிட்டதுதான். தனக்குத் தெரிந்ததைத் தாண்டி ஒரு சொல்லும் கூட்டாத அந்தக் குறியீட்டை நான் மதிக்கிறேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கணினிக்கு ஆசையில்லை, அச்சமில்லை, லாபமில்லை. மனிதக் குறைகள் எதுவும் இல்லாத சொல்லில் பிழை எங்கிருந்து நுழையும்? வேதத்தைப் பற்றி மீமாம்சகர்கள் இதைப் போன்ற வாதத்தைத்தான் வைத்தார்கள்: சொல்லின் குற்றம் சொல்பவனிடமிருந்து வருவது, சொல்பவனே இல்லாத சொல்லுக்குக் குற்றமில்லை. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. குற்றம் இல்லாமை தகுதி ஆகிவிடாது. சொல்லுக்கு வலிமை தருவது சொல்பவரின் அறிவு, ஆகவே வேதத்துக்கும் அறிந்து சொன்ன இறைவன் வேண்டும் என்றார்கள். எனக்கு நியாயத்தின் பக்கமே சரியாகப் படுகிறது. பொய் சொல்லும் ஆசை இல்லை என்பதாலேயே கணினி பார்க்காததைப் பார்த்ததாகிவிடாது. இது சமய நூல்களின் மதிப்பைக் குறைக்கும் பேச்சல்ல. காண்டலுக்கும் கருதலுக்கும் எட்டாததை அறியவே சைவம் ஆகமத்தை அளவையாகக் கொள்கிறது. மல்டிமீட்டரும் அழுத்தமானியும் எட்டும் இடத்தில் நிற்கும் ஒரு சொல் அந்தச் சிறப்புரிமையைக் கேட்க முடியாது.

உரையின் எல்லையில் கருதல் தொடங்குகிறது. சித்தியார் எண்ணும் பத்தில் ஒழிபு என்பதும் ஒன்று: ஆகாதவற்றை விலக்கி, எஞ்சியதை அறிவது. இந்தக் கியர்பாக்ஸில் அது அழகாக வேலை செய்கிறது. இரண்டு சொலினாய்டும் இயங்கினால் முதல் கியர். இரண்டாவது மட்டும் இயங்கினால் இரண்டாம் கியர். இரண்டும் அணைந்தால் மூன்றாம் கியர். முதலாவது மட்டும் இயங்கினால் நான்காம் கியர். முதல் சொலினாய்டு செத்தால் எஞ்சுவது இரண்டும் மூன்றும். இனி, முதலும் மூன்றும் ஒழுங்காக இருந்து, இரண்டும் நான்கும் ரிவர்ஸும் மட்டும் தொலைந்த வண்டியை எடுத்துக்கொள்வோம். எந்தச் சொலினாய்டின் சாவும் இந்தக் கோலத்தைத் தராது. மேலும் ரிவர்ஸ் சொலினாய்டுகளை நம்பி இருப்பதில்லை. ஓட்டுநர் நகர்த்தும் வால்வே எண்ணெயை அங்கே அனுப்புகிறது. இந்த மூன்றுக்கும் பொதுவான உறுப்பு சன் ஷெல் என்ற எஃகுக் கூடு. அது உடைந்திருக்கிறது என்று கியர்பாக்ஸைத் திறக்குமுன்பே சொல்லிவிடலாம். கியர்பாக்ஸின் மின் கனெக்டரைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதும் இதே முறைதான். மின்சாரம் முழுதும் போனால் மூன்றாம் கியரும் ரிவர்ஸும் மிஞ்சும், எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், வடிவமைப்பே அப்படி. அந்த உச்ச அழுத்தத்திலும் மூன்றாம் கியர் வழுக்கினால் கணினியையும் கம்பிகளையும் விட்டுவிடலாம். வழுக்காமல் பிடித்தால் அந்தக் கியரின் கிளட்சுகள் குற்றமற்றவை. மற்றவற்றைப் பற்றி இந்தச் சோதனை வாய் திறக்காது.

மின்சாரம், இயந்திரம் என்ற பிரிவே செயற்கையானது என்று சிலர் சொல்லக்கூடும். சொலினாய்டு இரண்டுக்கும் பொதுவானது. பி1870-க்குக் காரணமான அந்த அலுமினியக் குழியையே கணினி அனுப்பும் விட்டுவிட்டு வரும் மின்துடிப்பால் இடைவிடாமல் அதிர்ந்த வால்வுதான் தேய்த்தது, அப்படியானால் அது மின்கோளாறு அல்லவா? சைவ சித்தாந்தம் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்று பிரிப்பது இங்கே உதவுகிறது. துடிப்பு தேய்மானத்துக்குத் துணை நின்றது. இன்று அழுத்தம் கசியும் இடம் குழி. எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக்கிடக்கிறது என்பது உண்மையானாலும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

கடைசியாக, நடைமுறையாளரின் மறுப்பு: பாகத்தை மாற்று, கோளாறு போனால் கணிப்பு சரி. நியாய மரபே செயலின் வெற்றியை அறிவுக்குச் சான்றாக ஏற்கிறது என்பதால் இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் அதே மரபுதான் மறைந்த நிபந்தனையைப் பற்றியும் எச்சரித்தது: தீ இருந்தால் புகை இருக்கும் என்று சொல்பவர் ஈர விறகை மறந்துவிடுகிறார். சொலினாய்டு மாற்றும் மெக்கானிக் அதோடு எண்ணெயை வடிக்கிறார், கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறார், பல நேரம் பேட்டரியையும் துண்டித்துக் கணினி கற்றுவைத்த அளவுகளை அழிக்கிறார். வண்டி குணமாவதற்கு இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். கழற்றிய சொலினாய்டை எறியுமுன் மேசையில் வைத்து ஓம் அளந்து, சூடாக்கி மறுபடியும் அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் இருபதுக்குச் சற்று மேல் காட்டிய சுருள் சூட்டில் அறுந்ததாகக் காட்டினால் கணிப்பு நிலைக்கும். இரண்டு நிலையிலும் சரியாக இருந்தால் அந்தச் சுருள் குற்றமற்றது. வண்டி இப்போது நன்றாக ஓடினாலும், கனெக்டரின் ஊசிகளைப் பச்சை படிந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும்.