கேட்பவர் கடமை

தமிழ் கற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி, படித்தவர் மனத்தைப் புண்படுத்திவிடுகிறது. பொறுப்பு யாருடையது? மொழி அறிந்தவருடையதே என்பது என் உறுதி. கற்பவர் அறிந்தது தாம் சொல்ல நினைத்த ஒரே பொருள். மொழிக்குள் பிறந்தவருக்குத்தான் அதுவும் புண்படுத்தும் பொருளும் என இரண்டும் தெரியும். எதை எடுப்பது என்ற தேர்வு அவரிடம் இருப்பதால் அறமும் அவரிடமே இருக்கிறது.

நான் காரவள்ளியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். டெல்லியில் வளர்ந்த என் அண்ணன் பேத்தி, "தாத்தா சாப்பிட்டுச்சா?" என்று எழுதிக் கேட்டாள். "நான் என்ன மாடா?" என்று அண்ணன் கொதித்தார். இலக்கணப்படி இது திணை வழு, மனிதரை அஃறிணையாகச் சொன்ன பிழை. ஆனால் பிழையை ஏற்கும் வழுவமைதியையும் நன்னூல் சொல்கிறது: மகிழ்ச்சி மிகுதியில் பசுவைத் தாய் என்று உயர்திணையாக்கிப் பேசினால் ஏற்கலாம். சொன்னவர் மனத்தை இலக்கணமும் பார்க்கிறது.

அறியாமல் வந்த பிழைக்கு அங்கே இடமில்லை. அதற்குச் சேக்கிழாரிடம் போக வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரிய புராணத்தில், வேடர் திண்ணனார் காளத்தியில் இறைவனுக்கு வாயில் நீர் சுமந்து வந்து திருமுழுக்காட்டுகிறார், இறைச்சி படைக்கிறார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் கண்களுக்கு அது தீட்டு. கனவில் வந்த இறைவன், ஒளிந்திருந்து பார்க்கச் சொல்கிறார். குருதி வழியும் இறைவன் கண்ணில் வேடர் தம் கண்ணைப் பெயர்த்து அப்புவதைச் சிவகோசரியார் பார்க்கிறார். முறை தெரியாதவரை இறைவன் திருத்தவில்லை. தெரிந்தவரைப் பார்க்கப் பழக்கினார்.

செல்பேசி எழுத்தில் முகமும் இல்லை, குரலும் இல்லை. பார்க்க முடியாத இடத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொன்னதற்காக அண்ணன் பேத்தியிடம் எழுதிக் கேட்டார்: "என்ன கண்ணு சொல்ல வந்தே?" பதில் வந்தது: "சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை. மறக்காதே." இதிலும் மரியாதை விகுதி இல்லை. இம்முறை அவருக்குக் கோபம் வரவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டீங்களா, மறக்காதீங்க" என்று எழுதிக் காட்டினார்.

எங்கள் ஊரில் தொடங்கும் மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். மொழியில் ஏறுபவருக்கும் அந்த உரிமை உண்டு.

திருத்துவதும் அன்புதான், பிழையைப் பிழையென்று சொல்லாமல் விடுவது கற்பவரை ஏமாற்றுவதாகும். ஆனால் விளங்கிக்கொள்வது முதலில், திருத்துவது பிறகு. திட்டிவிட்டுத் திருத்தினால் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த இழப்புக்கு, மொழி நன்றாகத் தெரிந்த நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.