தொடர்ச்சியும் நிலைபேறும்

ஒரு செயலைத் தொடங்குதல் எளிது, தொடர்தல் அரிது. இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ரமலான் முழுதும் நிரம்பி வழிந்த பள்ளிவாசலின் வரிசைகள் ஷவ்வால் பிறை கண்டதும் எவ்வாறு சுருங்கிவிடுகின்றன என்பதைக் கண்டோர் அறிவர். ஆனால், தொடர்தல் என்பதன் பொருள்தான் என்ன? ஒருமுறையும் விடாது செய்வது மட்டுமே தொடர்தலா? வாழ்க்கை குறுக்கிட்டு ஒருமுறை விட நேர்ந்தால் அதுவரை செய்தனவெல்லாம் வீணாகிவிடுமா? கடமையொன்று எதிரே வந்து நிற்கும்போதும் மேற்கொண்ட செயலை விடாது பற்றி நிற்பது மனவுறுதியா, பிடிவாதமா?

இவ்வினாக்களை மார்க்க நூல்களைக் கொண்டே ஆராயலாம். ஆயினும், வணக்கம் என்று எவரும் பெயரிடாத ஓர் உலகியல் முயற்சியை முன்னிறுத்தி நோக்கினால் பொருள் இன்னும் தெளிவுறும் எனக் கருதுகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட முயற்சி, மாதந்தோறும் மேற்கொள்ளும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்.

பன்னிரண்டு மாதப் பயணம்

ஐரோப்பாவில் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்துக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயம் 1891-இல் முதன்முதலாக நடந்தது. 1897-இல் இத்தாலியர் சிலர், சூரியன் எழுந்து மறைவதற்குள் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து காட்ட முற்பட்டனர். இத்தகைய பயணத்துக்கு ‘ஆடாக்ஸ்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. துணிவுடையோர் என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். 1904-இல் ஆன்ரி தெக்ரான்ஜ் என்பார் பிரான்சில் இதற்கு விதிமுறை வகுத்தார். பிரிட்டனில் 1976-இலும் அமெரிக்காவில் 1998-இலும் இதற்கெனக் கழகங்கள் அமைந்தன. நம் நாட்டிலும் இன்று சென்னை, கோவை போன்ற நகரங்களில் இப்பயணங்கள் நடைபெறுகின்றன.

இவற்றில் முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசை இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும், வழியில் குறித்த ஊர்களுக்குச் சென்றதற்குச் சான்று காட்ட வேண்டும், அவ்வளவே. முந்தி வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்தவருக்கும் கிடைக்கும் மதிப்பு ஒன்றுதான்.

இக்கழகங்கள் மற்றொரு நிலையையும் வகுத்துள்ளன. மாதம் ஒருமுறையேனும் 200 கிலோமீட்டர். இவ்வாறு தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள். எம்மாதத்தில் வேண்டுமாயினும் தொடங்கலாம். நடுவே ஒரு மாதம் விட்டுப்போனால் எண்ணிக்கை அறுந்துவிடும். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். மாதத்துக்கு ஒரு நாள்தானே! ஆனால், கோடையில் ஜூலை மாதம் உற்சாகத்தோடு தொடங்கியவருக்கு ஆறாவது, ஏழாவது மாதங்கள் டிசம்பரும் ஜனவரியுமாய் வந்து வாய்க்கின்றன. டிசம்பர் இறுதியில் லண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. எனவே இருளில் புறப்பட்டு இருளிலேயே திரும்ப வேண்டும். சாலையில் பனி உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும், கைவிரல்கள் மரத்துப்போகும். இவை வானத்திலிருந்து வரும் தடைகள். வீட்டிலிருந்து வருவன வேறு. பிள்ளை பிறக்கும், வேலை மாறும், முதிய பெற்றோர் படுக்கையில் வீழ்வர். பன்னிரண்டு மாதம் என்பது, மனித வாழ்க்கை தன் முகங்களுள் பலவற்றைக் காட்டிவிடப் போதுமான காலம்.

தடைகள் மூவகை

தடை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பவற்றுள் மூவகை உண்டு. அவற்றைப் பிரித்தறியாமையே குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

முதலாவது சோம்பல். அதிகாலையில் போர்வைக்குள்ளிருந்து ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று முணுமுணுக்கும் குரல் அது. நஃப்ஸு என்று மார்க்க அறிஞர்கள் பெயரிட்ட கீழ்மனம், வாதாடுவதில் கைதேர்ந்தது. தன் வழக்குக்கு வேண்டிய சாட்சிகளை அது எங்கிருந்தாயினும் கொண்டுவந்து நிறுத்தும். இதனோடு சமரசம் கூடாது, போராடவே வேண்டும். வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதும் இப்போராட்டத்தின் படிகளை உணர்த்தவே போலும்.

இரண்டாவது சிரமம். மழை, குளிர், வண்டியின் பழுது, உடற்களைப்பு முதலியன. இவை சோம்பலைப் போல் பொய்யானவை அல்ல, மெய்யானவையே. இவற்றுக்கு மருந்து முன்னேற்பாடு. பழகிய பயணிகள் மாதத்தின் கடைசி ஞாயிறு வரை காத்திருப்பதில்லை. முதல் வாரத்திலேயே புறப்பட்டுவிடுவர். பின்னர்ப் பனி பெய்தாலும் மாதம் பறிபோகாது. தொழுகையை அதன் தொடக்க நேரத்திலேயே நிறைவேற்றுவதன் சிறப்பை நாம் படித்திருக்கின்றோம். அதன் உலகியல் நன்மையை இங்கும் காணலாம்.

மூன்றாவது உரிமை, அரபியில் ‘ஹக்’ என்பது. மற்றொருவருக்கு நம்மீதுள்ள உரிமை எழுந்து வந்து வாசலை மறிப்பது. இது வேண்டாத குறுக்கீடு அன்று. செவிசாய்க்க வேண்டிய அழைப்பு. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கி மனைவியையும் மறந்திருந்தபோது, அவர்களுடைய உடன்பிறவாச் சகோதரர் சல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் வந்து தடுத்தார்கள். இறைவனுக்கு உரிமை உண்டு. உமக்கும் உம் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு. அவரவர்க்குரியதை அவரவர்க்குக் கொடும் என அறிவுறுத்தினார்கள். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், சல்மான் சொன்னது மெய்யே என உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்துக்கே இவ்வரம்பு உண்டெனில், மிதிவண்டிக்கு இல்லாது போகுமா?

சோம்பலை உரிமை என்று எண்ணுபவன் எதையும் முடிக்கமாட்டான். உரிமையைச் சோம்பல் என்று எண்ணி உதறுபவனோ எல்லாவற்றையும் முடிப்பான். ஆனால் முடித்துவிட்டு வீடு திரும்பும்போது அவனை வரவேற்க யாரும் இருக்கமாட்டார்கள்.

அறுந்த எண்ணிக்கை

இனிக் கடினமான இடத்துக்கு வருவோம். ஒருவர் பத்து மாதங்களைக் குறைவின்றி முடித்துவிட்டார். பதினோராம் மாதத்தில் எஞ்சியிருப்பது ஒரே நாள். அன்று தாய் நோயுற்றுக் கிடக்கின்றாள். அவர் தாயின் அருகிலேயே இருந்துவிடுகின்றார். கழகத்தின் விதிப்படி எண்ணிக்கை அறுந்தது. இது நீதியாகுமா?

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நேரான ஆராய்ச்சி ஒன்று உண்டு. சில குற்றங்களுக்குப் பரிகாரமாக இரு மாதங்கள் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும் எனத் திருமறை விதிக்கின்றது. நடுவே நோய் வந்து ஒரு நாள் விட நேர்ந்தால் என்ன செய்வது? தொடர்ச்சி முறிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றும் அதுவே. முறியாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது மாலிக்கீ, ஹம்பலீ மத்ஹபுகளின் கருத்து. பேரறிஞர்களே இருதிறத்தினராய் நின்றதிலிருந்து, இவ்வினா எளிதானதன்று என அறிகின்றோம். கண்டிப்பின் பக்கமும் நியாயம் உண்டு. கருணையின் பக்கமும் நியாயம் உண்டு.

பத்ருப் போருக்குப் புறப்பட்ட காலை, உதுமான் (ரலி) அவர்களின் மனைவியும் பெருமானாரின் அருமை மகளுமான ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். மனைவிக்குப் பணிவிடை செய்ய உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவில் தங்கினார்கள். களத்தை அவர்கள் காணவில்லை. ஆயினும், பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் உமக்கு உண்டு எனப் பெருமானார் அறிவித்தார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் விடுபடவில்லை.

அப்படியானால் கழகமும் அவ்வாறே செய்ய வேண்டியதுதானே எனலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. உதுமான் (ரலி) அவர்களின் உள்ளத்தை அறிந்த இறைவனின் தூதர் அங்கே தீர்ப்பளித்தார்கள். கழகமோ சாலையை மட்டுமே அறியும், உள்ளத்தை அறியாது. தாய்க்காக நின்றவரையும், தாயைச் சாக்காக்கி நின்றவரையும் பிரித்துக் காண அதனிடம் கருவியில்லை. ஆகவே அதன் விதி கண்டிப்பாயிருப்பதே முறை.

அந்தக் கண்டிப்பில் மற்றொரு நன்மையும் மறைந்துள்ளது. விட்ட மாதத்தையும் சேர்த்து எண்ணிக் கழகம் பதக்கம் கொடுத்துவிட்டால், அம்மனிதர் தாய்க்காக எதனை விட்டுக்கொடுத்தார்? ஒன்றையுமன்று. பத்து மாத உழைப்பு அறுபடும் என்று அறிந்தே, அவர் தாயின் கட்டிலருகே அமர்ந்தார். அந்த இழப்புதான் அவருடைய அன்புக்கு விலை. விலையில்லாத சாக்குகளை நாம் ஐயுற வேண்டும். விலை கொடுத்து நிறைவேற்றும் கடமையைப் போற்ற வேண்டும். நோயாலோ பிரயாணத்தாலோ தடைப்பட்ட அடியானுக்கு, அவன் நலமாய் ஊரிலிருந்தபோது வழக்கமாய்ச் செய்துவந்த அமல்களின் நன்மை எழுதப்படுகின்றது என்னும் கருத்துடைய நபிமொழி நமக்கு ஆறுதல் தருகின்றது. அந்த ஏடு வேறு. கழகத்தின் ஏடு வேறு. இங்கே அறுந்தது அங்கே அறுவதில்லை. ஆனால், ‘வழக்கமாய்ச் செய்துவந்த’ என்னும் நிபந்தனையை மறந்துவிடலாகாது. வழக்கமே இல்லாதவனுக்கு நோயின்போது எழுதப்படுவது எது?

அளவறிதல்

1938-இல் பில்லி டோவி என்னும் ஆங்கிலேயப் பெண்மணி ஆண்டின் ஒவ்வொரு நாளும் மிதிவண்டி ஓட்டி 29,603 மைல்களைக் கடந்தார். அடுத்த ஆண்டு டாமி காட்வின் என்பவர் ஓராண்டில் 75,065 மைல்களை ஓட்டினார். இடையில் உலகப் போர் மூண்டு, இரவில் விளக்கேற்றத் தடை வந்தபோதும் நிறுத்தவில்லை. வியக்கத்தக்க உறுதிதான். ஆனால் இவர்கள் அவ்வாண்டு தம் வாழ்நாட்களையே செயலுக்கு ஒப்படைத்தவர்கள். குடும்பத்தையும் தொழிலையும் சுமப்பவருக்கு அவ்வழி பொருந்தாது. மாதத்துக்கு ஒரு நாள் என்னும் அளவு அவர்களுக்காகவே அமைந்தது போலும்.

அளவறிதலில் நமக்கு வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள். நாள்தோறும் நோன்பு நோற்க விழைந்த அந்த இளைஞருக்கு, மாதம் மூன்று நாள் போதும் எனப் பெருமானார் அறிவுறுத்தினார்கள். இன்னும் ஆற்றல் உண்டு, இன்னும் ஆற்றல் உண்டு என அவர் வேண்ட, முடிவில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூத் நபியின் நோன்பு வரை இசைந்தார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று அளித்த சலுகையை ஏற்றிருக்கலாமே என அவர் ஏங்கினார். ஆயினும் கைவிடவில்லை. வலிமை வேண்டிச் சில நாட்கள் நோன்பை விடுவார். விட்ட நாட்களை எண்ணி வைத்து, பின்னர் அத்தனை நாட்களும் நோற்றுவிடுவார். பெருமானாரைப் பிரிந்த வேளையில் எந்நிலையில் இருந்தாரோ, அந்நிலையை விட்டு நீங்க அவருக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் தொடர்ச்சிக்கும் நிலைபேற்றுக்கும் உள்ள வேறுபாடு புலனாகின்றது. தொடர்ச்சி நாட்காட்டிக்கு உரியது. ஒரு கட்டம் வெறுமையானால் அது முடிந்தது. ‘இஸ்திகாமத்’ எனப்படும் நிலைபேறு உள்ளத்துக்கு உரியது. விழுந்த பின்னும் எத்திசை நோக்கி எழுகின்றோம் என்பதில் அது விளங்கும். சிறிதாயினும் நிலையாய்ச் செய்யப்படும் அமலே இறைவனுக்கு மிகவும் உவப்பானது எனப் பெருமானார் அறிவித்ததன் உட்பொருளும் இதுவே என்பது நம் கருத்து. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கலாம். மனிதன் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. பத்து மாதம் ஓட்டிய கால்களும், குளிரைப் பழகிய மனமும் அவனுடனேயே இருக்கின்றன.

எண்ணம் எதுவாயிருந்தது என்பதும் அப்போதுதான் வெளிப்படும். பதக்கத்துக்காக ஓட்டியவர் எண்ணிக்கை அறுந்ததும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுவார். ஓட்டுதலையே விரும்பியவர், தாய் குணமடைந்து எழுந்த அடுத்த மாதம், முதல் முத்திரையைப் பெறப் புறப்பட்டுவிடுவார்.

நம் இல்லங்களிலும் இத்தகைய எண்ணிக்கைகள் பல உண்டு. வைகறையில் ஓதும் ஒரு ஜுஸ்உ, பிறை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தில் நோற்கும் நோன்பு, மாதந்தோறும் ஏழை உறவினருக்கு அனுப்பும் சிறுதொகை, ஹாஃபிழாகிய பிள்ளை நாள்தோறும் திருப்பி ஓத வேண்டிய பாடம். மனனம் செய்த திருமறையைப் பேணாதுவிட்டால், கட்டவிழ்ந்த ஒட்டகத்தைப் போல் அது நழுவிவிடும் என நபிமொழி எச்சரிக்கின்றது. பிரசவமோ, நோயோ, மய்யித்தோ குறுக்கிட்டு இவற்றுள் ஒன்று சில நாள் விட்டுப்போயிருக்கலாம். விட்டது உரிமைக்காகவா, சோம்பலுக்காகவா என்று உள்ளத்தைக் கேளுங்கள். உரிமைக்காக எனில் வருந்த வேண்டாம். சோம்பலுக்காக எனில் சாக்குச் சொல்ல வேண்டாம். விடை எதுவாயினும் செய்ய வேண்டியது ஒன்றே: நாளை வைகறையில் எழுந்து, விட்ட பக்கத்திலிருந்து ஓதத் தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்நிலைபேற்றை அருள்வானாக! ஆமீன்.